பழைய மொய் மட்டும்

பட்டிமன்ற மேடையில் எனக்கு எந்தக் கட்சி கொடுக்கப்பட்டாலும் அதை வெல்ல வைப்பேன் என்ற பெயரை இருபத்தொரு வயதுக்குள் சம்பாதித்துவிட்டேன். தஞ்சாவூரில் நான் படித்த கல்லூரியின் தமிழ் மன்றத்தில் சீட்டுக் குலுக்கித்தான் கட்சி பிரிப்பார்கள். அந்நிய முதலீடு வரமே என்று காலையில் பேசி ஒரு கோப்பையும், சாபமே என்று மாலையில் வேறொரு கல்லூரியில் பேசி இன்னொரு கோப்பையும் ஒரே நாளில் வாங்கியதுண்டு. இரண்டையும் ஒரே துணிப்பையில் போட்டுக்கொண்டு கடைசிப் பேருந்தில் ஊர் திரும்பினேன். அந்த நாளை நெடுங்காலம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். அதே நாவினால் நான் ஒரு குடும்பத்துக்குச் செய்ததை மட்டும் இதுவரை யாரிடமும் முழுமையாகச் சொன்னதில்லை.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, பேராவூரணி போகும் வழியில், புது ஆற்றின் கடைமடையில் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் மொய் விருந்து என்று ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம், காதுகுத்து எதுவும் இருக்க வேண்டியதில்லை. ஆடியிலோ ஆவணியிலோ பந்தல் போட்டு, ஆட்டுக்கறிச் சோறு போட்டு, மொய் வாங்குவதற்கென்றே ஊரை அழைப்பார்கள். ஒரு குடும்பத்துக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறைதான் முறை வரும். இன்றைக்கு எனக்கு ஐயாயிரம் எழுதியவர் நாளை விருந்து வைக்கும்போது, அந்த ஐயாயிரத்தை நான் திருப்பி எழுதுவேன். அதோடு நிறுத்தாமல் புதிதாக ஒரு தொகையும் சேர்ப்பேன். முன்னது பழைய மொய், பின்னது புது மொய். பழைய மொய் பழைய கடனைத் தீர்க்கும். புது மொய், என் முறை வரும்போது அவரை மறுபடி என் பந்தலுக்கு வரவழைக்கும். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. ஒரு நோட்டு மட்டும் உண்டு. இப்படி வந்த பணத்தில்தான் எங்கள் பக்கத்தில் ஆழ்துளைக் கிணறு இறங்கியது, பெண்கள் கல்யாணமாகிப் போனார்கள், பிள்ளைகள் சிங்கப்பூருக்கு விமானம் ஏறினார்கள்.

பழையதை மட்டும் எழுதிவிட்டு வருவதற்கு இங்கே ஓர் அர்த்தம்தான் உண்டு. இந்த வீட்டோடு இனி எங்களுக்குக் கொடுக்கல் வாங்கல் வேண்டாம் என்பதே அது. சண்டை போட்டவர்கள் அப்படிச் செய்வார்கள். அல்லது, நொடித்துப் போகிற வீடு, இனிமேல் போட்டால் திரும்பாது என்று கருதுகிறவர்கள் செய்வார்கள்.

நான் பட்டப்படிப்பின் இறுதி ஆண்டுக்கு வந்தபோது நாங்கள் விருந்து வைத்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதில் வந்த பணம் கிணற்றுக் கடனுக்கும் என் படிப்புக்கும் போயிற்று. அன்று எங்களுக்கு எழுதியவர்களில் மாமன்மார்களைத் தவிர்த்தால் அதிகம் எழுதியவர் எங்கள் தெருக்கோடி வீட்டுக்காரர். ஐயாயிரம். அப்பா அவருடைய மனைவியைத் தங்கச்சி என்பார். இரத்த உறவு ஏதும் இல்லை. எனக்கு அவர் அத்தை. அதற்கு அடுத்த ஆண்டே அந்த வீட்டுக்காரர் நோயில் விழுந்து இறந்துபோனார். இருந்த ஓர் ஏக்கர் நிலமும் வைத்தியச் செலவுக்காக ஒத்திக்குப் போயிருந்தது. ஒரே மகன், என்னோடு பத்தாம் வகுப்பு வரை படித்தவன், வெல்டிங் கற்றுக்கொண்டு மெட்ராசில் நடந்த தேர்வில் தேறியிருந்தான். சிங்கப்பூரில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை. ஏஜெண்ட் அறுபதாயிரம் கேட்டார்; ஆவணி முடிவதற்குள் கட்ட வேண்டும். அவர்கள் ஊரெல்லாம் எழுதி வைத்திருந்த பழைய மொய் நாற்பத்தைந்தாயிரம் இருந்தது. வழக்கம்போல் புதியதும் சேர்ந்தால் எண்பது, எண்பத்தைந்து வரும். விருந்துச் செலவு இருபது போனாலும் ஏஜெண்டுக்குத் தேறிவிடும். அந்த நம்பிக்கையில் அத்தை ஆடி மாதத்தில் விருந்து வைத்தார்.

அந்த ஆண்டுதான் எனக்கு நிதி மேலாண்மை ஒரு பாடமாக வந்தது. அதில் இன்றைய மதிப்பு என்ற அத்தியாயம் என்னைப் பிடித்துக்கொண்டது. கையிலிருக்கும் ஆயிரம் ரூபாய், வருஷத்துக்குப் பதினைந்து வட்டியில், அடுத்த ஆண்டு ஆயிரத்து நூற்றைம்பது ஆகிறது. அப்படியானால் அடுத்த ஆண்டு தருவதாகச் சொல்லப்படும் ஆயிரத்து நூற்றைம்பது இன்றைக்கு ஆயிரத்துக்குச் சமம். அதற்கு மேல் அதற்கு மதிப்பில்லை. எதிர்காலத்தில் வரக்கூடிய வரவு ஒவ்வொன்றையும் இப்படிக் கழித்துக் கழித்து இன்றைய நாளுக்குக் கொண்டுவந்து, செலவோடு வைத்து எடை போடலாம். புத்தகத்தின் பின்பக்கத்தில் அதற்கு அட்டவணை இருந்தது. பதினைந்து சதவீதத்தில் இரண்டு ஆண்டுக்குப் பூச்சியம் புள்ளி ஏழு ஐந்து ஆறு, மூன்று ஆண்டுக்குப் பூச்சியம் புள்ளி ஆறு ஐந்து எட்டு. மேடையில் எதிர்க்கட்சிக்காரர் உணர்ச்சியைக் கிளப்பும்போது வீழ்த்துவதற்கு இப்படி ஓர் ஆயுதம் இதுவரை கிடைக்கவில்லையே என்று தோன்றியது.

விடுமுறைக்கு வந்தவன் வீட்டு மொய் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். கோடு போட்ட தாளில் யாருக்கு எவ்வளவு, எந்த ஆண்டு திருப்ப வேண்டும் என்று வரவும் செலவும் எழுதினேன். தெருக்கோடி வீட்டுக் கணக்கு இப்படி வந்தது. இரண்டு ஆண்டுக்கு முன் வாங்கிய ஐயாயிரத்தை இப்போது ஐயாயிரமாகவே திருப்பினால், வாங்கிய நாளின் மதிப்பில் நாம் கொடுப்பது மூவாயிரத்து எழுநூற்று எண்பதுதான். நமக்கு ஆயிரத்து இருநூற்று இருபது லாபம். ஆனால் புதிதாக ஐயாயிரம் எழுதினால், அது நம் முறை வரும் மூன்றாவது ஆண்டில்தான் திரும்பும். அதன் இன்றைய மதிப்பு மூவாயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு. ஆயிரத்து எழுநூற்றுப் பத்து நட்டம். முடிவு தெளிவு: பழையதைத் திருப்பு, புதியதை எழுதாதே.

பதினைந்து என்ற வட்டி எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பட்டுக்கோட்டை பேருந்து நிலையத்துக்கு எதிரே புதிதாக முளைத்திருந்த ஒரு பைனான்ஸ் கம்பெனியின் பலகையில் இருந்தது. தபால் நிலையத்து வட்டியை எடுத்திருந்தால் நட்டம் சுருங்கியிருக்கும். என் வாதம் எடுபட்டிருக்காது. நான் பெரிய எண்ணை எடுத்துக்கொண்டேன்.

தாளைக் கொண்டுபோய் அப்பாவிடம் விளக்கினேன். அப்பா வாய்க்கால் வரப்பில் உட்கார்ந்திருந்தார். கடைமடைக்கு அப்போதுதான் தண்ணீர் வந்திருந்தது. முறை வைத்துப் பாய்ச்சினார்கள். எங்கள் முறை முடியும்வரை மடையை விட்டு நகர முடியாது. நான் சொன்னதை எல்லாம் அவர் பொறுமையாகக் கேட்டார்.

"வட்டி பாக்குற மனுஷனா இருந்தா அந்த ஆளு அன்னிக்கே அஞ்சாயிரத்தக் கொண்டுபோயி நீ சொல்ற கம்பெனியில போட்டிருப்பானே. நமக்கு எதுக்கு எழுதுறான்?" என்றார்.

"அது அவங்களுக்குக் கணக்குத் தெரியாததுப்பா."

"சரி, உனக்குத் தெரியுது. சந்தோஷம். நாளைக்கு என்னால வர முடியாது, மடை நம்மளோடது. நீ போயி பத்தாயிரம் எழுதிட்டு வா. பழசு அஞ்சு, புதுசு அஞ்சு. தாள மடிச்சுப் பையில வையி, நனையுது."

மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்குப் பந்தலுக்குப் போனேன். பாதிப் பந்தலில் பந்தி. மறுபாதியில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி. எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளி ஆசிரியர் மொய் எழுதினார். பக்கத்தில் ஒருவர் பணத்தை எண்ணி எவர்சில்வர் தவலையில் போட்டுக்கொண்டிருந்தார். வாங்கியவுடன் ஊரையும் பெயரையும் தொகையையும் ஆசிரியர் உரக்கப் படிப்பார். எண்ணுகிறவர் திருப்பிச் சொல்வார். எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர், பின்னால் இருபது பேருக்குக் குறையாமல் நின்றார்கள்.

சட்டைப் பையில் பத்தாயிரம் இருந்தது. மேசையை நெருங்க நெருங்க என் தாளின் கடைசி வரி மனத்தில் ஓடியது. அப்பாவுக்கு வாயால் நிரூபிக்க முடியாததைச் செய்து காட்டி நிரூபிப்பது என்று முடிவெடுத்தேன். மீந்த ஐயாயிரத்தை அவர் பெயரிலேயே போட்டு, மூன்று ஆண்டு கழித்து முதிர்வுத் தொகையைக் கையில் கொடுத்தால் என்ன சொல்வார்? அந்தக் காட்சியை முகபாவனைகளோடு கற்பனை செய்துகொண்டே ஐயாயிரத்தை எடுத்து நீட்டினேன்.

"பழையது அஞ்சு," என்றார் ஆசிரியர். "புதுசு?"

"புதுசு இல்ல சார்."

பேனா நின்றது. "தம்பி, அப்பா சொன்னாரா?"

"நான் சொல்றேன் சார். எழுதுங்க."

அவர் எழுதினார். வழக்கம்போல் உரக்கப் படிக்கவும் வேண்டியிருந்தது. "பழைய மொய் மட்டும்" என்பதைச் சற்றுத் தாழ்ந்த குரலில் படித்தார். பின்னால் பேச்சு அடங்கியது. எனக்கு அடுத்து நின்ற உரக்கடைக்காரர், உறவில் எனக்கு மாமா முறை, என் தோளைத் தொட்டார்.

"என்ன மாப்ள, ரெண்டு வீட்டுக்கும் ஏதும் மனஸ்தாபமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மாமா."

"பின்ன ஏன் முடிச்சுக்கிட்டீங்க? உங்கப்பாவுக்கு ஏதும் தெரிய வந்துச்சா?"

அவர் கேட்டது உண்மையான கேள்வி. அந்த வீட்டு நிலைமையைப் பற்றி எங்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, அதனால்தான் நெருங்கியவர்களே முடித்துக்கொள்கிறார்கள் என்று அவர் நினைத்துவிட்டார். 'அப்பா மீதியை அப்புறம் எழுதுவார்' என்று ஒரு பொய் சொல்லியிருந்தால்கூடப் போதும். கேள்வி கேட்டவர் முகத்தையும், அவருக்குப் பின்னால் என்னையே பார்த்துக்கொண்டிருந்த இருபது முகங்களையும் கண்டேன். சபை அமைந்துவிட்டது என்று உடம்புக்குத் தெரிந்தது. பேச ஆரம்பித்தேன்.

இன்றைய ரூபாயும் நாளைய ரூபாயும் ஒன்றல்ல என்று தொடங்கினேன். விதைநெல் ஒரு மரக்காலைக் கடன் கொடுத்து, மூன்று போகம் கழித்து அதே ஒரு மரக்காலை வாங்கிக்கொள்வாரா எந்த விவசாயியாவது என்று கேட்டேன். அந்த உவமை அங்கேயே பிறந்தது. பிறந்ததும் எனக்கே பிடித்துப்போனது. உங்கள் ஐயாயிரத்தை மூன்று ஆண்டு வட்டியில்லாமல் அடுத்த வீட்டுத் தவலையில் தூங்க வைக்கிறீர்கள், அது எழுந்து வரும்போது மூவாயிரத்து முந்நூறாக இளைத்திருக்கும் என்றேன். சிரித்தார்கள்.

"அப்ப நாமெல்லாம் இத்தன வருஷமா கறிச்சோத்துக்கு மயங்கிக் காசத் தொலச்ச ஆளுங்களா?" என்றார் வரிசையிலிருந்த ஒருவர்.

"கறிக்குக் கூட இல்ல சித்தப்பா, எலும்புக்கு," என்றேன்.

பலத்த சிரிப்பு. யாரோ கைதட்டினார்கள். "படிச்ச புள்ள சொல்றதுல ஞாயம் இருக்குய்யா" என்றது ஒரு குரல். உரக்கடை மாமா தன் கட்டிலிருந்து நோட்டுகளை எண்ணிப் பிரித்துப் பாதியை வேட்டி மடிப்பில் செருகிக்கொள்வதைப் பார்த்தேன். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் அப்படியே செய்தார்கள். ஒரு சொற்பொழிவு கேட்டவரின் கையை அசைத்து அதுவரை நான் பார்த்ததில்லை. கோப்பைகளைவிட அது பெரிதாகத் தெரிந்தது. அந்தக் களிப்பில்தான் கடைசி வாக்கியத்தைச் சொன்னேன்.

"மூவாயிரத்து முந்நூறாவது வருமான்னு யோசிங்க மாமா. தலை இல்லாத வீடு. மூணு வருஷத்துல என்ன இருக்கும், யாரு கண்டா?"

சிரிப்பு வரவில்லை. மாமாவின் பார்வை என் தோளுக்கு மேலே போயிற்று. திரும்பினேன். அத்தை பந்திக்கு ஆள் அழைக்க வந்து நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

"சாப்புட்டுட்டுப் போ தம்பி. எல இருக்கு," என்றார்.

நான் சாப்பிட்டேன். இதைத்தான் என்னால் இன்றும் நம்ப முடியவில்லை. உட்கார்ந்து, வயிறு நிறைய, இரண்டாம் முறை கறி வாங்கிச் சாப்பிட்டேன். அவருடைய மகன் வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறி வந்தான். மேசைப் பக்கம் நடந்தது அவனுக்குத் தெரியாது. "மெலிஞ்சு போயிட்ட மாப்ள, மேடையில கத்திக் கத்தி," என்று சொல்லி ஒரு துண்டு அதிகமாக வைத்தான்.

மாலையில் அப்பா சேற்றுக் காலோடு வந்தார். "பத்து எழுதிட்டியா?"

ஐயாயிரத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். விளக்கமும் தயாராக வைத்திருந்தேன். கேட்பதற்கு அவர் இல்லை. காலைக்கூடக் கழுவாமல், கொடியில் கிடந்த சட்டையை மாட்டிக்கொண்டு பணத்தோடு இறங்கிவிட்டார். நான் பின்னால் ஓடினேன்.

பந்தலில் பாய் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர் கூட்டல் போட்டு முடித்திருந்தார். ஐம்பத்திரண்டாயிரம். நாற்பத்தைந்து பழையது, புதியது மொத்தமே ஏழு. காலையில் வந்தவர்கள் எழுதியதுதான் அதிலும் பெரும்பகுதி. நான் பேசியதற்குப் பிறகு எழுதியவர்களின் பெயருக்கு நேரே புதிய மொய்ப் பத்தி வெறுமையாகவே போயிருந்தது. வரிசையில் நின்றவர்கள் பந்தலுக்கு வெளியே இருந்தவர்களிடம் சொன்னார்கள். அவர்கள் மற்றவர்களிடம் சொன்னார்கள். என் உவமைகள் போய்ச் சேர்ந்தனவா, தெரியாது. நெருங்கின குடும்பமே முடித்துக்கொண்டது என்ற ஒரு செய்தி மட்டும் போய்ச் சேர்ந்திருந்தது.

அப்பா பணத்தை நீட்டினார். "தங்கச்சி, பய புரியாமச் செஞ்சுட்டான். இது புதுசு. சார், நோட்டுல ஏத்துங்க."

"நோட்ட மூடியாச்சுண்ணே," என்றார் அத்தை.

"திறந்தா ஆச்சு."

"பந்தல்ல வரிசையில வந்து எழுதுனாத்தான் அது மொய். சனம் போனதுக்கப்பறம் கையில கொண்டாந்து குடுத்தா அதுக்குப் பேரு வேற. எனக்கு அது வேணாம்."

"கடனா வச்சுக்கயேன்."

"கடன் வாங்கறதுக்கு நான் ஆட்ட அறுத்துச் சோறு போட்டிருக்க வேணாமே."

கோபமாகச் சொல்லவில்லை. அப்பா பணத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். சேறு காய்ந்து அவர் கால்களில் வெடித்திருந்தது. திரும்பும் வழியில் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் எதிர்வாதம் செய்ய ஒரு வழி கிடைக்கும். அவர் திட்டாமல் நேரே வாய்க்காலுக்குப் போய்க் காலைக் கழுவினார்.

செலவு போக மிஞ்சிய முப்பத்திரண்டாயிரத்தோடு தாயும் மகனும் ஏஜெண்டிடம் போனார்கள். மீதிக்கு ஒரு மாதத் தவணை கேட்டார்கள். அவர் அந்த இடத்துக்கு முழுப் பணத்தோடு காத்திருந்த வேறொருவனை அனுப்பினார். அடுத்த அழைப்பு ஓராண்டுக்கு மேல் வரவில்லை. கையிலிருந்த பணம் அரிசிக்கும் மருந்துக்கும் கரைந்தது. மகன் திருப்பூரில் கிரில் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். ஒத்திக்குப் போன நிலத்தை மீட்க முடியாமல், ஒத்தி பிடித்தவருக்கே கிரயம் செய்து கொடுத்தார்கள்.

தேர்வுக்காக அதே அத்தியாயத்தை மறுபடி படிக்க நேர்ந்தது. அட்டவணைக்கு முன்னால், நான் அவசரத்தில் தாண்டிப்போன ஒரு பத்தி இருந்தது. ஒரு முடிவினால் மாறக்கூடிய வரவுசெலவு அனைத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும், ஒன்றையும் விடக்கூடாது என்று அதில் எழுதியிருந்தது. நான் என் வீட்டு வரவுசெலவை மட்டும் சேர்த்திருந்தேன். என் முடிவு இருபது பேருடைய கையை மடக்கும் என்பதும், அது இன்னொரு வீட்டின் வரவை வற்ற வைக்கும் என்பதும் என் தாளில் இல்லை. வட்டி விகிதத்தை நான் தேடவில்லை, தேர்ந்தெடுத்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக, அத்தை மூன்று ஆண்டில் திருப்புவாரா என்ற இடத்தில், எந்தக் கணக்கும் போடாமல், விதவை என்ற ஒரே காரணத்தால் மனத்துக்குள் சுழியம் எழுதியிருந்தேன். அதைத்தான் கடைசி வாக்கியமாகச் சபையில் சொன்னேன். கணக்கின் மீது பழி போடுவதற்கு எனக்கு வழியே இல்லை. அந்த முறை சரியானது. நான் அதை ஒரு கட்சிக்கு வாதாட வைத்தேன்.

அந்தப் பாடத்தில் அந்த ஆண்டு கல்லூரியிலேயே முதல் மதிப்பெண் எனக்குத்தான். பிறகு மெட்ராசில் வீட்டுக்கடன் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. மனுப்போட்டவரின் எதிர்கால வரவை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து, கடன் கொடுக்கலாமா என்று சொல்வதுதான் என் வேலை.

மூன்று ஆண்டு கழித்து எங்கள் முறை வந்தது. விருந்துக்கு நாலு நாள் முன்னதாக ஊருக்குப் போனேன். அப்பா ஓர் அழைப்பிதழை மட்டும் தனியே எடுத்து வைத்திருந்தார். "இது நீ போயிக் குடு," என்றார்.

பேருந்தில் வரும்போதே மன்னிப்புக் கேட்பதற்கு மூன்று பகுதிகளாகப் பேச்சைத் தயாரித்திருந்தேன். தெருக்கோடியில் அத்தை ஊறிய தென்னங்கீற்றை முடைந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வா தம்பி. மெட்ராசுலேருந்து எப்ப வந்த? டீ போடவா?"

"வேணாம் அத்தை. ஞாயித்துக்கிழம விருந்து. அப்பா குடுக்கச் சொன்னாரு."

இரண்டு கையாலும் வாங்கி, மேலிருந்து கீழ் வரை ஒரு பெயர் விடாமல் படித்தார். பிறகு மடித்தார்.

"நமக்குள்ளதான் ஒண்ணும் இல்லையே தம்பி."

"மொய்க்காக இல்ல அத்தை. சும்மா சாப்புட வாங்க."

"எழுதாம பந்தியில உக்கார முடியுமா? எழுதுனா நீங்க திருப்பணும். நான் இனிமே விருந்து வைக்கப் போறதில்ல. கணக்கு நேரா இருக்கு. இப்படியே இருந்துட்டுப் போகட்டும்." அழைப்பிதழை என் கையில் திருப்பி வைத்தார். "வச்சுக்க. வேற யாருக்காச்சும் ஆகும். அச்சுக்கூலி குடுத்திருப்பீங்கல்ல."

மன்னிப்புப் பேச்சு தொண்டையில் இருந்தது. முதல் வாக்கியத்தை எடுத்தால் அடுத்தது தானே வந்துவிடும், அழகாக வந்துவிடும் என்று தெரிந்தது. அதற்குப் பயந்துதான் வாயைத் திறக்கவில்லை என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது ஒரு காரணமாக இருக்கலாம். அவர் என்ன பதில் சொல்வாரோ என்ற பயம் அதைவிடப் பெரிது. தலையசைத்துவிட்டு வந்துவிட்டேன். அவர் மறுபடி உட்கார்ந்து கீற்றை எடுத்தார்.

அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்கிக்கிச்சா?"

அழைப்பிதழ் என் பையில் இருந்தது. "வாங்கிக்கிட்டாங்கப்பா," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பந்தல் நிறைந்தது. எழுதியவர்களில் அரைவாசிப் பேர் புதியதும் சேர்த்து எழுதினார்கள். மற்றவர்கள் பழையதோடு நிறுத்தினார்கள். என் பேச்சை அவர்கள் மறந்திருக்கவில்லை. அப்பா அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. பந்தல் வாயிலில் நின்று, வருகிறவர்களை வணங்கிக்கொண்டே தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று பந்தி முடிந்தது. "மூடிரலாமா?" என்று ஆசிரியர் கேட்டார்.

"ஒரு ஆளு வரணும் சார். செத்த இருங்க."

நான் இரண்டடி தள்ளி நின்றேன். சொல்லியிருக்கலாம். எத்தனையோ மேடைகளில் நடுவர் மணியடித்த பிறகும் பேசியவன், அந்த இடத்தில் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். கடைசிப் பந்திக்கு இலை போட்டார்கள். வரிசையில் ஓர் இலைக்கு ஆள் இல்லை. அப்பா அதை எடுக்க வேண்டாம் என்றார். சோறு பரிமாறினார்கள், குழம்பு வந்தது. அப்போது அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் தாழ்த்திக்கொண்டேன். அவருக்கு அதுவே போதுமாயிருந்தது.

"நோட்ட மூடுங்க சார்," என்றார்.

பிறகு உள்ளே போய், ஆளில்லாத அந்த இலையில் தானே உட்கார்ந்தார். நான் சோற்று வாளியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் நிமிரவில்லை. இலைமேல் கையை மறித்துக்கொண்டு, பக்கத்தில் பரிமாறிக்கொண்டிருந்த சமையல்காரரைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீங்க வைங்க."